தாழை நட்ட கதை: மூங்கில் சட்டம், பாதி டிரம் கான்கிரீட், ஒரு நோட்டுப் புத்தகம்

கடல்புல் நடுவதற்காக முதல் தடவை கடலில் இறக்கிய 12 மூங்கில் சட்டங்களில் 4, மறுநாள் விடிகாலையில் எங்கள் படகுத்துறையிலேயே வந்து ஒதுங்கிக் கிடந்தன. கயிற்றில் கட்டியிருந்த புல் வெயிலில் கறுத்துச் சுருண்டிருந்தது. "மிதக்கணும்னுதானே தம்பி மூங்கில்ல தெப்பம் கட்டுறாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார் ஒரு பெரியவர். நியாயமான கேள்விதான். அங்கே தொடங்கி ஒன்றரை வருடம் நாங்கள் பட்ட பாட்டை, இதே வேலையைச் செய்ய நினைக்கிற வேறு ஊர்க்காரர்களுக்கு உதவுமே என்று எழுதி வைக்கிறேன்.

நான் கடலுக்குப் போகிறவன் இல்லை. படகு எஞ்சின் மெக்கானிக். மனோராக் கோட்டைக்குத் தெற்கே, பாக் விரிகுடாக் கரையில் பட்டறை. எங்கள் கடல் ஆழம் இல்லாதது. கரையிலிருந்து வெகுதூரம் போனாலும் தண்ணீர் இரண்டு ஆள் ஆழம்கூட வராத இடங்கள் உண்டு. அந்தத் தரையில் வளர்வதைத்தான் தாழை என்போம். புத்தகத்தில் கடல்புல் என்று போட்டிருக்கும். பாசி வேறு, இது வேறு. வேர் விட்டு, பூத்து, காய்க்கிற நிஜமான செடி. அருகம்புல் மாதிரி மண்ணுக்குள் தண்டை ஓடவிட்டு, கணுவுக்குக் கணு இலை தள்ளும். நீலக்கால் நண்டும் கணவாயும் ஓரா மீனும் குஞ்சாக இருக்கும்போது ஒளிந்து வளர்வது இதற்குள்தான். ஆவுளியா என்கிற கடற்பசுவுக்கு இதுதான் மேய்ச்சல். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ தின்னும் பிராணி அது.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. இந்தியாவில் அதுதான் முதல். அறிவிப்பு வந்ததும் டீக்கடையில் ஒரே பேச்சு: இனி வலை போட விடுவார்களா, மாட்டார்களா. அந்தச் சத்தத்துக்கு நடுவே நண்டு வலைக்காரர் ஒருவர் சொன்னதுதான் என் காதில் நின்றது. "ஆவுளியா இருக்கட்டும். தாழை போன இடத்துல எனக்கு நண்டே விழல. அதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?"

எனக்கு இதில் தனிப்பட்ட கணக்கு ஒன்றும் உண்டு. ஒன்றரை மீட்டர் தண்ணீரில் புரொப்பல்லரை முழுசாக இறக்கி ஓட்டினால், அது இலையோடு நிற்காது, மண்ணுக்குள் இருக்கும் தண்டையும் சேர்த்து வெட்டும். தெளிந்த நாளில் படகிலிருந்து குனிந்து பார்த்தால், தலையில் வகிடு எடுத்த மாதிரி புல்லுக்கு நடுவே வெள்ளைக் கோடு ஓடும். வருடக்கணக்கில் மூடாத கோடுகள் இருக்கின்றன. மண்ணில் உரசி முனை மழுங்கிய அந்தப் புரொப்பல்லர்களையெல்லாம் நிமிர்த்தி, தேய்த்து, மறுபடி ஓட்டுகிற பதத்துக்குக் கொண்டுவந்து கொடுத்துக் காசு வாங்கியவன் நான்.

கடல்புல் பரப்பில் நம் இஷ்டத்துக்குக் கைவைக்க முடியாது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் அது முதல் வகையில் வருகிறது, பாதுகாப்பகம் வேறு. கடல்புல் நடவில் பழக்கம் உள்ள ஆராய்ச்சிக் குழு ஒன்று முறையான அனுமதியோடு வந்தது. ஆளும் படகும் பொருளும் எங்களுடையது, வழிகாட்டல் அவர்களுடையது என்று பேச்சு. இதைப் படித்துவிட்டு யாரும் தனியாக இறங்கிப் புல்லைப் பிடுங்க வேண்டாம்.

சட்டம் என்பது 1 மீட்டருக்கு 1 மீட்டர் சதுரம். நான்கு பக்கமும் மூங்கில், குறுக்கே தேங்காய்நார்க் கயிறு ஐந்து வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து கன்று. ஆக, ஒரு சட்டத்துக்கு 25. இதே வேலைக்கு இரும்பும் பிளாஸ்டிக் குழாயும் பயன்படுத்தியவர்கள் உண்டு. ஆனால் இரும்பு துருவோடு கிடக்கும், பிளாஸ்டிக்கைத் திரும்பப் போய் எடுக்க வேண்டும். மூங்கிலும் நாரும் வேலை முடிந்ததும் தானே மக்கிப் போகும். எங்கள் பக்கம் தென்னைக்குப் பஞ்சமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அத்தனை மரத்தைச் சாய்த்த பிறகும் நார்க்கயிறு மட்டும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது. மூங்கில், கயிறு, சணல் எல்லாம் சேர்த்து ஒரு சட்டம் 400 ரூபாய்க்குள் முடிந்தது. கூலி சேர்க்கவில்லை, யாரும் வாங்கவும் இல்லை.

சரி, மிதந்த கதைக்கு வருகிறேன். காய்ந்த மூங்கிலின் ஒவ்வொரு கணுவுக்கு நடுவிலும் காற்று அடைபட்டிருக்கும். மரக்கட்டை போல அது சீக்கிரம் தண்ணீர் குடித்துக் கனக்காது. நான்கு மூலையில் கல் கட்டினோம், நீவாடு, அதாவது கடலின் நீரோட்டம், ஆட்ட ஆட்ட முடிச்சு நெகிழ்ந்து கல் கீழே நின்றுவிட்டது, சட்டம் மேலே வந்துவிட்டது. இதற்கு வைத்தியம் பட்டறையிலேயே இருந்தது. டிரில் மெஷினை எடுத்து, கணுவுக்குக் கணு எதிரெதிராக இரண்டு துளை போட்டேன். ஒன்றில் தண்ணீர் போக, மற்றதில் காற்று வெளியேறும். ஒரே துளை போட்டால் குமிழி உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அதையும் செய்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். துளை போட்ட கழிகளை இரண்டு வாரம் கழிமுகத்துச் சேற்றில் ஊறப்போட்டோம். எடுத்தபோது ஒருவன் தூக்குவதற்குத் திணறினான். அந்தக் கனம்தான் நமக்கு வேண்டும். கல்லுக்குப் பதில் இரண்டு அடி நீள முளைகளை மூலைக்கு ஒன்றாகச் சாய்த்து அடித்தோம். அதற்குப் பிறகு ஒரு சட்டம்கூட மிதக்கவில்லை.

ஆனால் மிதக்காமல் கிடந்த மற்ற 8 சட்டங்களும் பிழைக்கவில்லை. ஒரு மாதத்தில் இலையெல்லாம் பழுப்பேறி, தொட்டால் கையோடு வந்தது. இடத்தை நாங்கள் போன் வரைபடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தோம். போகவர வசதியாக, கழிமுகத்துக்குப் பக்கமாக. அந்த இடத்தில் தண்ணீர் எப்போதும் கலங்கல் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். ஆனால் கலங்கலுக்கும் புல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது யோசிக்கவில்லை. புல்லுக்கு வெளிச்சம் வேண்டும். மேலே விழும் வெயிலில் பத்தில் ஒரு பங்காவது தரைக்குப் போய்ச் சேராவிட்டால் அது மெல்ல மெல்லப் பட்டினி கிடந்து சாகும்.

வெளிச்சத்தை அளக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், ஒரு தட்டு போதும் என்று குழுவினர் சொன்னார்கள். 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கப்பலிலிருந்து இறக்கிப் பார்த்த தட்டு, இன்றைக்கும் அவர் பேரில்தான் ஓடுகிறது. வீட்டில் ஒடுங்கிக் கிடந்த 20 சென்டிமீட்டர் சில்வர் தட்டைத் தட்டி நிமிர்த்தி, நான்கு கால்வாசியாகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பெயின்ட் அடித்தேன். நடுவில் துளை, அதில் கயிறு, அடியில் எடைக்கு ஒரு பழைய ஃபிளைவீல் நட்டு. கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. உச்சி வெயில் நேரத்தில், படகின் நிழல் விழும் பக்கமாக இறக்க வேண்டும். தட்டு கண்ணுக்கு மறைகிற இடத்தில் ஒரு அளவு, மேலே இழுக்கும்போது மறுபடி தெரிகிற இடத்தில் ஒரு அளவு, இரண்டுக்கும் நடுவே கணக்கு. கழிமுகத்துப் பக்கம் 70 சென்டிமீட்டரில் மறைந்தது. நாங்கள் நட்ட ஆழமோ 2 மீட்டர். இருட்டறையில் நாற்று விட்டிருக்கிறோம். அன்றிலிருந்து நாங்கள் வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: தரையில் வைத்த தட்டு மேலிருந்து தெரிந்தால் நடலாம், தெரியாவிட்டால் திரும்பி வந்துவிடலாம்.

எங்கே நடுவது என்பதை இனி யாரிடம் கேட்பது? இதற்கு விடை வலைக் கொட்டகையில் கிடைத்தது. நண்டு வலையைச் சாயங்காலம் போட்டு விடிகாலையில் எடுப்பார்கள். கரைக்கு வந்ததும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து நண்டைப் பிரித்தெடுத்து, வலையை உதறி, சிக்கிய குப்பையைத் தள்ளுவார்கள். நண்டின் இடுக்கியில் விரல் மாட்டாமல் ஒரு சுழற்றில் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஒருநாள் என் பெரியம்மா குப்பையிலிருந்து ஒரு புல்லை எடுத்து நீட்டினார்.

"இது வெறும் எலை. எங்கேருந்தோ மெதந்து வந்தது. இதப் பாரு, தண்டோட இருக்கு, வேர்ல சேறு ஒட்டியிருக்கு. இது வலை கெடந்த எடத்துலயே மொளச்சது."

இத்தனை வருடமாகக் குப்பை என்று கடலில் தள்ளிக்கொண்டிருந்தது அத்தனையும் தகவல். அடுத்த நாளே பெரியம்மாவின் பேத்தி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினாள். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். யார் வலை, எந்தத் திக்கில் கிடந்தது, எத்தனை பாகம் (இரு கையையும் விரித்த நீளம்) ஆழம், வந்தது வெறும் இலையா, வேரோடா, தட்டை இலையா, ஊசி போல உருண்டதா, சின்ன முட்டை வடிவ இலையா. இடத்தைச் சொல்ல அவர்களிடம் ஜிபிஎஸ் கிடையாது. மனோராக் கோபுரத்தை எந்தத் தென்னந்தோப்போடு நேர்சேர்த்தார்கள், செல்போன் கோபுரத்தை எந்தக் கூரையோடு நேர்சேர்த்தார்கள் என்று இரண்டு கோடு சொல்வார்கள். இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் வலை கிடந்த இடம். நாங்கள் அதைப் பிறகு படகில் போய் எண்ணாக மாற்றிக்கொண்டோம். பத்துப் பதினைந்து அடிக்கு மேல் தவறவில்லை.

நாற்பது நாளில் நோட்டு தீர்ந்தது. எண்களை வரைபடத்தில் குத்தியபோது கரைக்கு இணையாக ஒரு பட்டை தெரிந்தது, வேரோடு வந்த புல் எல்லாம் அதற்குள். அந்தப் பட்டைக்கு நடுவே ஏறக்குறைய அரை ஏக்கர் அளவுக்கு ஒரு ஓட்டை. சுற்றிலும் புல், நடுவில் மொட்டை. ஆழம் அதே ஒன்று எண்பது மீட்டர், தண்ணீர் அதே தெளிவு, தட்டு தரைவரை தெரிந்தது. பிறகு ஏன் அங்கே மட்டும் இல்லை?

அது படகுகள் தூங்குகிற இடம். வலையைப் போட்டுவிட்டு, விடியும்வரை நங்கூரம் இறக்கிக் கண்ணயர்வது அங்கேதான். வலையிலிருந்து ரொம்பத் தூரமும் இல்லை, அலையும் குறைவு. ஒவ்வொரு இரவும் பத்துப் பதினைந்து நங்கூரம் மண்ணைக் கீறி, காலையில் இழுக்கும்போது புல்லைக் கொத்தாகப் பெயர்த்துக்கொண்டு வரும். வருடக்கணக்கில் இது நடந்திருக்கிறது. நோட்டைப் பார்க்காமல் இருந்திருந்தால், 'அட, நல்ல வெற்றிடம்' என்று நேராகப் போய் அங்கே நட்டிருப்போம். ஒரே வாரத்தில் நங்கூரத்தோடு வெளியே வந்திருக்கும்.

ஊர்க்கூட்டம் போட்டோம். நான் எதிர்பார்த்ததைவிடச் சூடாகவே போயிற்று. தடை போட்டுவிடலாம் என்றார்கள் சிலர். நண்டு வலைக்காரர்களில் மூத்தவர் எழுந்து, "தடை போடுங்க. ராத்திரி நான் எங்கே படுக்கறதுன்னு அதையும் எழுதிக் குடுங்க" என்றார். சிரிப்புக்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அத்தைதான் ராமநாதபுரம் பக்கத்து விஷயத்தை எடுத்தார். பாசி எடுக்கிற பெண்கள் மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள், அதற்காகப் போராடிய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் வெளிநாட்டு விருதெல்லாம் வந்தது, நம்மால் நங்கூரம் போடும் இடத்தை மாற்றிக்கொள்ள முடியாதா என்று. கேள்வி சரி. ஆனால் மூத்தவர் கேட்டதும் சரி. கடைசியில் என்னைப் பார்த்தார்கள். நங்கூரம் இறக்காமல் படகு நிற்க ஏதாவது வழி செய்ய முடியுமா, மெக்கானிக்?

நிலையாக ஒரு எடையைத் தரையில் போட்டு, அதிலிருந்து கயிறும் மிதவையும் விட்டுவிட்டால் போதும். வருகிற படகு மிதவையைப் பிடித்துக் கட்டிக்கொள்ளலாம். கேட்பதற்குச் சுலபம். முதலில் 20 லிட்டர் பெயின்ட் வாளியில் கான்கிரீட் ஊற்றி, கம்பி வளையம் பதித்து இறக்கினேன். கரையில் தூக்கும்போது 48 கிலோ, இடுப்பு ஒடிந்தது. கடலுக்குள் போனதும் படகு அதை நாய்க்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு போயிற்று. கான்கிரீட் தன் எடையில் நாற்பது சதவீதத்துக்கும் மேலே தண்ணீரிடம் கொடுத்துவிடும் என்பதை நான் கணக்கில் வைக்கவில்லை. 48 கிலோ, உள்ளே 28 தான்.

அடுத்தது 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக அறுத்து, அதையே அச்சாக வைத்து ஊற்றினேன். பழைய லாரியின் யு-போல்ட் ஒன்றைத் தலைகீழாகப் பதித்தேன். மொத்தம் 240 கிலோ, தண்ணீருக்குள் 140. மூன்று செய்தேன். கொண்டுபோவதுதான் வேடிக்கை. கரையோரம் தண்ணீர் வற்றும் நேரத்தில் உருட்டிக்கொண்டுபோய் வைத்து, இரண்டு பக்கமும் மூடிய காலி பீப்பாய்களை இறுக்கிக் கட்டினோம். தண்ணீர் ஏறியதும் பீப்பாய்கள் கல்லைத் தூக்கிக்கொண்டன. படகில் கட்டி மெதுவாக இழுத்துப்போய், இடம் வந்ததும் ஒரே நேரத்தில் இரண்டு கயிற்றையும் அறுத்தோம். ஒரே நேரத்தில் என்பதை மூன்றாவது கல்லில்தான் சரியாகச் செய்தோம். முதல் கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு பீப்பாய் துள்ளி என் தோளை உரசிக்கொண்டு போனது. அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது, இதை எழுதாமல் விட்டால் தப்பு.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், இன்னொன்று இருந்தது. மூன்று வாரம் கழித்து முங்கிப் பார்த்தபோது, ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் சுத்தமாகத் துடைத்த மாதிரி ஒரு வட்டம். தண்ணீர் வற்றும்போது கயிறு தளர்ந்து தரையில் கிடக்கிறது. காற்று திரும்பத் திரும்ப, படகோடு சேர்ந்து கயிறும் சுற்றிச் சுற்றித் தரையைப் பெருக்குகிறது. புல்லைக் காப்பாற்றப் போட்ட கல்லே புல்லைச் சிரைத்துக்கொண்டிருந்தது. இதற்கு மருந்து பத்து ரூபாய் வலை மிதவை. கல்லிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் கயிற்றோடு இரண்டு மிதவையைச் சேர்த்துக் கட்டினேன். தளர்ந்தாலும் கயிறு தரையைத் தொடாமல் நடுத்தண்ணீரில் தொங்கி நிற்கும். இந்தத் திட்டத்தில் நான் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது இதுதான். யாரும் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

படகுகள் மிதவையில் கட்டப் பழகிய பிறகே நடவைத் தொடங்கினோம். வாடை ஓய்ந்து தண்ணீர் தெளிந்த மாதம். இந்த முறை 20 சட்டம், 500 கன்று. கன்று எடுப்பதில் இரண்டு விஷயம். ஒரே இடத்தில் அள்ளக் கூடாது. செழித்த பரப்பில் நாலைந்து தப்படிக்கு ஒரு கொத்து என்று பரவலாக எடுத்தால் தாய்ப்பரப்பு தானே மூடிக்கொள்ளும். அடுத்தது, மண்ணுக்குள் ஓடும் தண்டின் வளரும் நுனி கன்றோடு வர வேண்டும். நுனி இல்லாத துண்டு கொஞ்ச நாள் பச்சையாக இருந்து ஏமாற்றும், பக்கவாட்டில் ஓடாது. விரலை மண்ணுக்குள் விட்டுத் தண்டைத் தொட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று தடவிக்கொண்டே போனால், முடிவில் வெள்ளையாக, பென்சில் முனை மாதிரி ஒரு கூர் தட்டுப்படும். அதை ஒடிக்காமல், மூன்று நான்கு கணுவோடு எடுக்க வேண்டும். அவசரக்காரனுக்கு இது வராது. எங்கள் பையன்களில் நன்றாக எடுத்தவன், வகுப்பில் பெஞ்சு மேல் நின்றே காலம் கழித்தவன்.

கட்டியது முழுக்கப் பெண்கள். வலை பின்னிப் பழகிய கைக்குச் சணல் முடிச்சு ஒரு வேலையே இல்லை. கன்று காயாமல் ஈரச்சாக்குக்கு அடியில் வைத்து, கடல்தண்ணீர் தெளித்துக்கொண்டே, எடுத்த அன்றைக்கே நட்டோம். இறுக்கிக் கட்டினால் தண்டு நசுங்கும், தளர்த்தினால் நழுவும். "பச்சப்புள்ள கையில காப்புக்கயிறு கட்டுற மாதிரி" என்று பெரியம்மா சொன்னதுதான் பயிற்சி வகுப்பு.

கழிமுகத்தில் நாங்கள் கவனிக்கத் தவறிய இன்னொரு தவறையும் இங்கே சரிசெய்தோம். கடல்தரை மேசை மாதிரி சமமாக இருக்காது. சட்டத்தை வைத்தால் கயிறு பள்ளத்துக்கு மேல் இரண்டு அங்குலம் அந்தரத்தில் நிற்கும், கன்று மண்ணைத் தொடாமல் தண்ணீரில் ஆடும். ஆடுகிற கன்று வேர் பிடிக்காது. அதனால் மூங்கில் சிம்பைக் கொண்டை ஊசி போல வளைத்து, ஒவ்வொரு கன்றுக்குப் பக்கத்திலும் கயிற்றோடு சேர்த்து மண்ணில் அழுத்தினோம். ஒரு சட்டத்துக்கு 25 ஊசி, ஒரு மூச்சுக்கு இரண்டு ஊசி. மூன்று நாள் ஆயிற்று. காதுக்குள் தண்ணீர் போய் ஒரு வாரம் எனக்கு எல்லாரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

பதினைந்தாம் நாள்: இலை நுனிகளில் எல்லாம் பிறை வடிவில் கடித்த தடம். பதறிப்போனோம். ஓரா மேய்ந்திருக்கிறது. தண்டு நன்றாக இருந்தால் பயமில்லை, இலை திரும்ப வரும் என்றார்கள். வந்தது. நாற்பத்தைந்தாம் நாள்: எண்ணிப் பார்த்ததில் 500இல் 310 உயிரோடு. நெல் நாற்றில் இப்படி என்றால் தலையில் கைவைத்திருப்போம், இங்கே கைதட்டினார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் தட்டை இறக்கினால் மற்ற நாட்களைவிடத் தெளிவாகத் தெரிந்தது என்று எங்கள் நோட்டு சொல்கிறது. காரணம் அதுதானா, காற்றா என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு எங்களிடம் நோட்டு இல்லை, இரண்டு வருடத்து நோட்டு வேண்டும்.

நடுவில் மிதவைகள் காணாமல் போய்க்கொண்டே இருந்தன. ஆரஞ்சு நிற எண்ணெய்க் கேனைக் கட்டியிருந்தோம், அது யார் வீட்டிலாவது தண்ணீர்க் குடமாகிவிடும். கேனில் நாலு பக்கமும் டிரில்லால் சின்னச் சின்னத் துளை போட்டு, உள்ளே வலை மிதவைகளை அடைத்தேன். தண்ணீரும் பிடிக்க முடியாது, எண்ணெயும் ஊற்ற முடியாது. அதற்குப் பிறகு திருட்டு நின்றது. தெர்மகோல் மட்டும் வேண்டாம். அது உதிர்ந்து கடல் முழுக்கப் பரவும்.

அப்புறம் வடகிழக்குப் பருவமழை. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை தட்டை இறக்கவே இல்லை, இறக்கினாலும் ஒரு முழத்தில் மறைந்திருக்கும். ஜனவரியில் தண்ணீர் தெளிந்ததும் போய்ப் பார்த்தோம். 20 சட்டத்தில் 13ஐக் கண்டுபிடித்தோம். 4 மணலுக்குள் புதைந்திருந்தன, ஒரு மூலை மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. 3 எங்கே போயின என்றே தெரியவில்லை. கிடைத்த சட்டங்களின் மூங்கிலைக் கடல்புழு சல்லடையாகத் துளைத்திருந்தது, கொட்டலசு என்கிற ஓட்டுப் பிராணி ஒட்டியிருந்தது, பிடித்ததும் நொறுங்கியது. அதற்குள் இருந்த புல் மட்டும் சட்டத்தைத் தாண்டி ஒரு முழம் வெளியே ஓடியிருந்தது. மெல்ல மண்ணை விலக்கித் தண்டைத் தொட்டுப் பார்த்தேன், நுனி கூராக, வெள்ளையாக இருந்தது.

மணலில் புதைந்தவை எல்லாம் தெற்கு ஓரத்தில் இருந்தவை. அங்கே வாடைக் காலத்தில் மணல் நகர்கிறது. அடுத்த நடவில் அந்த ஓரத்தை விட்டுவிட்டோம். 30 சட்டத்தை வடக்கிலிருந்து தொடங்கி, பழைய புல்லோடு ஒட்டினாற்போல வைத்தோம். தனியாக நடுவெளியில் வைப்பதைவிட, இருக்கிற புல்லின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது பிழைக்கிறது. பட்டறையில் புரொப்பல்லர் கொண்டுவருகிறவர்களிடம், அந்த ஓட்டைக்குள் நுழையும்போது எஞ்சின் தண்டைத் தூக்கிப் பிடித்துக் கழியால் தள்ளிக்கொண்டு போகச் சொல்கிறேன். பாதிப்பேர் கேட்கிறார்கள். கேட்காதவர்களின் புரொப்பல்லரில் புல் சுற்றியிருக்கும், எனக்குத் தெரிந்துவிடும்.

போன ஆகஸ்டில் ஒரு காலை. எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தேன், கை முழுக்க கிரீஸ். பெரியம்மா வலைக் கொட்டகையிலிருந்து நேராக வந்து, முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து ஒர்க் பெஞ்சில் வைத்தார். ஒரு கொத்துத் தாழை. தண்டு, வேர், வேரில் ஈரச்சேறு. தண்டைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு மக்கிப் பிசுபிசுத்த தேங்காய்நார், அதில் இன்னும் அவிழாத சணல் முடிச்சு ஒன்று.

"என் முடிச்சுதான்" என்றார். "எடது கைப் பக்கம் சுத்தியிருக்கு பாரு. இங்கே நான் ஒருத்திதான் அப்படிக் கட்டுவேன்."

வேரோடு வலையில் வந்திருக்கிறது என்றால், நம் ஓட்டைக்குள்ளேயே யாரோ நண்டு வலை போட்டிருக்கிறார்கள். ஊர்க்கூட்டத்தில் வேண்டாம் என்று பேசி முடித்த இடம். யார் வலை என்று கேட்டேன். பெரியம்மா கொஞ்சம் யோசித்தார். பேத்தி நோட்டைப் புரட்டிக் காட்டினாள், அன்றைய பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. மனோராவும் தென்னந்தோப்பும், செல்போன் கோபுரமும் கூரையும், வேரோடு, ஒன்று எண்பது. நண்டு 14, அதில் சினை நண்டு 3, உயிரோடு திரும்ப விட்டது. வலைக்காரர் பெயர் இருக்கும் கட்டத்தில் என் மச்சான் பெயர்.

அவன் எஞ்சின்தான் பெஞ்சில் பிரிந்து கிடந்தது. பிளக்கைக் கழற்றி மேசை டிராயருக்குள் போட்டுவிட்டு, அவனுக்குப் போன் போட்டேன்.